வகை: இதர

கம்பெனி வளர்ந்துவிட்டது என்பதை எனக்கு முதலில் தெரிவித்தது ஒரு வாய்மொழி உத்தரவு. இனிமேல் முதலாளியை ‘அண்ணே’ என்று கூப்பிடக் கூடாது. ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஃபிளெக்ஸ் கட்டி ‘சேல்ஸ் அண்ட் சர்வீஸ்’ நடத்திய காலத்தில், எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தவர்தான் அவர். (ரேமின் தங்க நிறக் கால்களில் படிந்த கறைக்கு உலகத்திலேயே அதைவிட நல்ல மருந்து கிடையாது. எங்கள் தொழில் ரகசியத்தில் பாதி, பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது.) இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை, எல்லார் கழுத்திலும் ஐடி கார்டு. டெக்னீஷியனாகச் சேர்ந்த நான் ‘ஃபீல்டு சப்போர்ட் இன்ஜினியர்’ ஆகிவிட்டேன். சம்பளத்தைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்ட மாதம், கம்பெனி பட்டத்தைக் கூட்டித் தந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். அதிலிருந்து தெருவில் பழுதாகும் மிக்ஸி, கிரைண்டர், டிவி ரிமோட் எல்லாம் இன்ஜினியர் வீட்டுக்கு வருகின்றன.

வளர்ச்சியின் அடுத்த கட்டம் டிக்கெட். முன்பெல்லாம் வாடிக்கையாளர் போன் செய்வார், நாங்கள் போவோம், பார்ப்போம், வருவோம். இப்போது அவர் போன் செய்தால் ஆபீசில் இருக்கும் தங்கச்சி ஒரு டிக்கெட் போடும். அது என் மொபைலில் வந்து விழும். கிளம்பும்போது ஒரு பொத்தான், போய்ச் சேர்ந்ததும் ஒரு பொத்தான், முடித்ததும் ஒரு பொத்தான் அமுக்க வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு சிக்கல்: வாடிக்கையாளர் யாரும் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்வதில்லை. நேராக எனக்குத்தான். “தம்பி, இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருங்க.” இந்த ‘ஒரு எட்டு’க்கு டிக்கெட் கிடையாது, பில் கிடையாது, பெட்ரோல் படி கிடையாது. காபி உண்டு.

உலகம் முழுக்க ஐ.டி. ஹெல்ப் டெஸ்க்குகளில் ஓடும் ‘சர்விஸ்டெஸ்க் பிளஸ்’ ஸோஹோவின் சரக்கு. அந்த ஸோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டுவிட்டது. எங்கள் ஊரிலிருந்து கொல்லம் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், மத்தளம்பாறையில் இருக்கும் அவர்கள் வளாகத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பக்கத்து வீட்டுச் சமையல் என்பதாலோ என்னவோ, எங்கள் சாருக்கு அது ருசிக்கவில்லை. எங்கோ இலவசமாகக் கிடைத்த வேறொன்றை இறக்கிக்கொண்டார். அதில் ‘பழுதின் வகை’ என்று ஒரு கட்டம். ஹார்டுவேர், சாஃப்ட்வேர், நெட்வொர்க், அதர்ஸ் என்று நான்கே வகை. ஒன்றைத் தொடாமல் டிக்கெட்டை மூட முடியாது. இதை எழுதிய புண்ணியவான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒருநாளும் வந்ததில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று.

முதலில் பஞ்சு. ராஜபாளையம் பஞ்சால் பிழைக்கும் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் ராம்கோ குழுமம். நூலில் ஆரம்பித்தவர்கள் சிமெண்டுக்குப் போனார்கள், பிறகு மென்பொருளுக்கும் போனார்கள். சென்னையில் இருக்கும் ராம்கோ சிஸ்டம்ஸ் இன்று விமானப் பராமரிப்பைக் கவனிக்கும் மென்பொருளை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கிறது. ஒரே ஊர்ப் பஞ்சுதான். அவர்கள் அதிலிருந்து கிளம்பி விமானம் வரை போய்விட்டார்கள்; நான் அதைச் சிபியுவுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நூற்பாலையில் நாலைந்து வருடம் ஓடிய கம்ப்யூட்டரைத் திறப்பது ஒரு தனி அனுபவம். பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளை எடுத்த பிறகும் தகடு வராது. உள்ளேயிருந்து பஞ்சு பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் ‘பர்ர்’ரென்று பிரியும். ப்ராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே பஞ்சு நுழைந்து, தூசியும் காற்றின் ஈரமும் சேர்ந்து அமுங்கி, கம்பளியைப் போலக் கெட்டித்திருக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பினால், தகடுகளின் வரிவரியான அச்சோடு முழுசாக உரிந்து வரும். இதை உரிப்பதில் ஒரு சுகம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத சுகம். ஃபேன் பாவம், சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காற்றுக்குப் போக வழியிருக்காது. சூடு நூறு டிகிரியை நெருங்கியதும் ப்ராசசர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அக்கவுண்டன்ட் அதைப் பார்த்துவிட்டு ‘வைரஸ்’ என்று புகார் சொல்வார்.

ப்ளோயரை அந்த அறையிலேயே வைத்து அடித்தால், இந்தக் கம்ப்யூட்டரின் பஞ்சு அடுத்த கம்ப்யூட்டருக்குக் குடிபோகும். வெளியே தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்து அடிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். “வேஸ்ட் காட்டன் இப்ப நல்ல வெலைக்குப் போவுது தம்பி, சேத்து வைங்க” என்று ஒருவர் நிஜமான அக்கறையோடு சொன்னார். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் இதுவே மருத்துவத் துறையாகிவிடும். அந்த ஊர் விசைத்தறிகளில் நெய்கிற பேண்டேஜும் காஸ் துணியும் நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. தறிக்கூடத்து மூலையில் இருக்கும் சிபியு, டாக்டர் யாரும் சொல்லாமலே தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது ஹார்டுவேர் பழுதா? ஹார்டுவேர் ஒரு தப்பும் செய்யவில்லை. சாஃப்ட்வேரா? சேச்சே. ‘அதர்ஸ்’ஸைத் தொட்டு டிக்கெட்டை மூடினேன். அங்கே ஆரம்பித்தது வினை.

ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே பழுதின் ருசியே வேறு. 2019-ல் அந்த ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டியதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று விற்க முடியாது. அதே ரீதியில், வேறு ஊரில் பழுதான கீபோர்டை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கீபோர்டு என்று சொல்லி என்னை ஏமாற்றவும் முடியாது. கடையில் கூட்டம் நெரியும்போது எடை போடும் கையேதான் பில் போடும் கை. எண்டர் கீ அமுங்கினால் மேலே வருவதில்லை. கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் சர்க்கரை உதிரும். அதன் பின்னால் சித்தெறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். கடைசியாக வருபவை தத்தம் முட்டையையும் தூக்கிக்கொண்டு வரும். ஷிப்ட் கீக்கு அடியில் குடும்பம் நடந்திருக்கிறது. மருந்தடிக்கலாம் என்றால் அது உணவுப் பண்டம் விற்கும் இடம். கீகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து மாட்ட வேண்டும். புதுக் கீபோர்டே வாங்கிவிடலாமே அண்ணாச்சி என்றால், “அதுலயும் ஏறத்தானே தம்பி போகுது” என்பார். மறுக்க முடியாத வாதம்.

இன்னொரு கடையில் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர் பழுது என்று கூப்பிட்டார்கள். அந்த மாதிரி பிரிண்டரில் மையே கிடையாது. காகிதத்தில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும். எழுத்து வருவது அப்படித்தான். கடைக்காரர் பேப்பர் ரோல்களைப் பத்திரமாக அடுக்கி வைத்திருந்த இடம், பால் காய்ச்சும் அடுப்புக்குப் பின்சுவர். மொத்த ரோலும் ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது. தீர்வு: ரோல்களைச் சாமி படத்துப் பக்கம் மாற்றி வைத்தோம். அவரும் பில்லில் பேரம் பேசிக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கிளம்பும்போது ஒரு பால்கோவாப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். குறைத்த தொகையும் பொட்டலத்தின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் எனக்கு ஆபீசில் பில் குறைந்ததற்குத் திட்டும், வீட்டில் பால்கோவா கொண்டுவந்ததற்குப் பாராட்டும் கிடைத்தன.

நெட்வொர்க் என்று ஒரு வகை இருக்கிறதே, அதையாவது உருப்படியாகப் பயன்படுத்தலாம் என்று பார்த்தேன். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ரத வீதிகளில் வரும். தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் அதுவும் ஒன்று. அதன் உயரத்துக்கு வீதியின் குறுக்கே எந்தக் கம்பியும் இருக்க முடியாது. கரண்டுக் கம்பி, கேபிள் டிவி வயர், இன்டர்நெட் ஃபைபர் எல்லாவற்றையும் அவிழ்த்தாக வேண்டும். ஒரு கடையில் இன்டர்நெட் இல்லை என்று டிக்கெட் வந்தது. ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஆண்டாள்’ என்று எழுதினேன். ‘சரியாகும் உத்தேச நேரம்’ என்ற இடத்தில் ‘தேர் நிலைக்கு வந்த பிறகு’ என்று எழுதினேன். இரண்டும் சத்தியம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு இது விளையாட்டா என்றார். அவர் மதுரைக்காரர். தமிழக அரசுச் சின்னத்தில் இருக்கும் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மீனாட்சி கோயில் மேலைக் கோபுரமா என்ற பஞ்சாயத்து வேறு எங்களுக்குள் ஏற்கெனவே நிலுவையில் இருந்ததால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

ஃபைபரை அணில் கடித்துவிடுவதும் உண்டு. வேறு ஊரில் அணிலைத் திட்டலாம். இங்கே அதற்கும் பயமாக இருக்கிறது. சாம்பல் நிற அணிலுக்கென்று 1988-லேயே சரணாலயம் அமைத்த ஊர் இது. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கிவிட்டார்கள். காட்டில் இருக்கும் அந்தப் பெரிய அணில் கேபிள் கடிக்க டவுனுக்கு வருவதில்லை, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கடிப்பது நம் கொல்லைப்புறத்து மூன்று கோட்டு அணில்தான். ஆனால் சொந்தக்காரன் செல்வாக்கு என்று ஒன்று இருக்கிறதில்லையா?

இப்படி அலைவதால் பெட்ரோல் செலவு ஏறுகிறது என்று சார் ஒரு முடிவுக்கு வந்தார். வளர்ந்த கம்பெனிகள் நேரில் போவதில்லையாம். ஆபீசில் உட்கார்ந்தபடியே ‘ரிமோட்’டில் சரிசெய்கிறார்களாம். எனிடெஸ்க் வந்தது. வாடிக்கையாளர் தன் திரையில் தெரியும் எண்ணைச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கிருந்தே அவர் மவுசை நகர்த்துவோம். 2024 கடைசியில் மத்திய அரசு, யாருக்குப் போன் போட்டாலும் முதலில் சைபர் மோசடி எச்சரிக்கை ஒலிக்கும்படி செய்தது. முன்பின் தெரியாதவர்களிடம் எண்ணைச் சொல்லாதீர்கள், லிங்கைத் தொடாதீர்கள், ஏமாந்தால் 1930-க்குப் போன் செய்யுங்கள். மிக நல்ல காரியம். பலன் என்னவென்றால், ஒரு நைட்டிக் கம்பெனி அம்மாவிடம் நான் எனிடெஸ்க் எண்ணைக் கேட்டபோது இப்படிப் போயிற்று:

“அதெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“அக்கா, நான்தான் பேசறேன். போன வாரம் வந்து பிரிண்டர் பாத்தேன்ல?”

“வாய்ஸ் உங்க வாய்ஸ் மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா இப்பல்லாம் வாய்ஸையே மாத்திப் பேசுறாங்களாமே. நேர்ல வாங்க. மூஞ்சியப் பாத்தாத்தான் நம்பர் சொல்லுவேன்.”

அவர் கம்பெனி இருக்கும் தளவாய்புரம் போனேன். முகத்தைக் காட்டினேன். அந்த அம்மா எண்ணைச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, என் லேப்டாப்பிலிருந்து எனிடெஸ்க் வழியாகவே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சரிசெய்தேன். ரிமோட் டிக்கெட்டை ரிமோட்டில்தான் மூட வேண்டும் என்பது விதி. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை; எல்லாரும் அவரைப் போல இருந்துவிட்டால் மோசடிக்காரர்கள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

நேரில் போகும் டெக்னீஷியன் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் ஒரே ஒருநாள் ஒப்புக்கொண்டது. 2024 ஜூலை 19, முதல் ஆடி வெள்ளி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. விமானங்கள் ரத்தாயின, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாதுகாப்பு மென்பொருளை வாங்குமளவுக்கு எங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் வசதியில்லை. பலர் ஆன்டிவைரஸுக்குப் பதிலாக மானிட்டர் மேல் சாமி ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் டிவியில் நாள் முழுக்க நீலத்திரையைக் காட்டினார்கள். சாயங்காலம் ஒரு மில் ஸ்டோர்ஸிலிருந்து அலறல்: “தம்பி, நமக்கும் வந்துருச்சு! முழுக்க நீலமா இருக்கு!” போய்ப் பார்த்தால் விண்டோஸ் வால்பேப்பர். வருடக்கணக்காக அதே நீலம்தான் அங்கே இருக்கிறது. அன்றைக்குத்தான் அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

விஷயம் அதுவல்ல. அந்த 85 லட்சத்தில் பெரும்பகுதியை ரிமோட்டில் சரிசெய்ய முடியவில்லை. ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்குள் எனிடெஸ்க் எப்படிப் போகும்? ஒருவர் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் போய் நின்று, சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் சம்பளம் அதிகம் வாங்கும் என் சகாக்கள் அந்த வார இறுதி முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் என்ன வகையில் டிக்கெட்டை மூடினார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் விரும்பிப் போகும் இடம் கோர்ட்டு வட்டாரம். மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இங்கேதான். ஆகவே வக்கீல்கள் அதிகம், வக்கீல்களைவிட வேகமான டைப்பிஸ்டுகள் அதிகம். அதில் ஓர் அக்கா, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர். வக்கீல் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார். புதுக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்த மறுநாள் போன்: “தம்பி, என் பெட்டிஷன் பூரா இங்கிலீஷ் வந்து உக்காந்திருக்கு. வாதி பேரக்கூட காணோம்.” வேறொன்றுமில்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்து, உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் தமிழக அரசே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதையெல்லாம் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். யூனிகோடில் அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும், தமிழ்99 கற்றுக்கொள்வது சுலபம் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். அதற்குள் ஒன்றரைப் பக்கம் அடித்து முடித்திருந்தார். “அதுல எனக்கு வேகம் வர்றதுக்குள்ள இந்தக் கேசே முடிஞ்சிரும் தம்பி” என்றார். கேஸ் முடியும் என்று அவ்வளவு நம்பிக்கையோடு அந்த வளாகத்தில் வேறு யாரும் பேசி நான் கேட்டதில்லை. யூனிகோடிலேயே பழைய டைப்ரைட்டர் வரிசையில் அடிக்க வழி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தேன். பழைய மனுக்களுக்காகப் பாமினியையும் ஏற்றிவைத்தேன். நவீனம் என்பது அவருடைய விரல்களை மாற்றுவதில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

கோடையில் வேறு மாதிரி புகார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டால் சுரீர் என்கிறது, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., யுபிஎஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தும் தீராது. மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் இருக்கக் கூடாத வோல்டேஜ் இருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஈரமில்லாத மண்ணில் மின்சாரம் இறங்காது. ஒரு குடம் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. சரியாகிவிடும். இதற்கு எப்படி பில் போடுவது? தண்ணீர் ஊற்றியவர் அந்த ஆபீஸ் வாட்ச்மேன். உப்பும் அவர்கள் வீட்டு உப்பு.

ஆயுத பூஜை முடிந்த வாரம் தனி சீசன். சிபியுவுக்குச் சந்தனம், பிரிண்டருக்குக் குங்குமம், யுபிஎஸ்ஸுக்கு மாலை எல்லாம் எனக்குச் சம்மதம்தான். லேப்டாப்பின் நெற்றி என்று நினைத்து வெப்கேமராவின் மேல் பொட்டு வைத்துவிடுகிறார்கள். அப்புறம் வீடியோ காலில் முகம் தெரியவில்லை என்று டிக்கெட்.

இனி எங்கள் ஊர் நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, இடுப்பு ஒட்டி, கால் நீண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். தபால்காரரைக் கடிக்கும் பிராணிக்குத் தபால் துறையே தலை வெளியிட்ட பெருந்தன்மையை நினைத்து நான் வியப்பதுண்டு. முதலாளிகள் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகு, எங்களுக்கு வீடுகளிலிருந்தும் அழைப்பு வருகிறது. கேட் வாசலில் நின்று போன் செய்வேன். “ஒண்ணும் பண்ணாது, வாங்க” என்பார்கள். இதைவிட அபாயமான வாக்கியம் தமிழில் இல்லை. பெரிய பூட்ஸ், தோளில் பை, கையில் ஸ்க்ரூ டிரைவர், கழுத்தில் பட்டை. நாயின் இடத்தில் நான் இருந்தாலும் குரைப்பேன். ஒரு வீட்டில் ஐயா உள்ளேயிருந்தே தெலுங்கில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார்; நாய் உடனே உட்கார்ந்துவிட்டது. எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த தடவை நானே சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்பு போதாது என்பதை அது பல்லைக் காட்டித் தெரிவித்தது. அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றேன். டிக்கெட்டில் தாமதத்துக்கான காரணம் கேட்டது. நான்கு வகையில் ஒன்றைத் தொட வேண்டும்.

மாதம் 20-ம் தேதி இந்த எதுவும் செல்லாது. அன்றைக்கு ஜி.எஸ்.டி. 3பி கடைசி நாள். 2017 ஜூலைக்குப் பிறகு எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு சூரசம்ஹாரம். அன்று பஞ்சு, எறும்பு, நாய் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். இரு ஊர் ஆடிட்டர்களும் ஒரே நேரத்தில் என் நம்பரில்தான் இருப்பார்கள்.

கடைசியில் மாத ரிவ்யூ வந்தது. புரொஜெக்டரில் ஒரு வட்டம். வட்டத்தில் பெரும்பகுதி ஒரே நிறம்: அதர்ஸ். வளர்கிற கம்பெனியில் அதர்ஸ் இவ்வளவு இருக்கலாமா, வெளியூர்க் கிளையண்ட் பார்த்தால் என்ன நினைப்பார் என்று சார் கேட்டார். நாங்கள் பஞ்சைச் சொன்னோம், எறும்பைச் சொன்னோம், தேரைச் சொன்னோம். சார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே கேட்டவர், சத்திரப்பட்டிக் கேஸ் வந்ததும் குறுக்கே புகுந்தார். “ஹீட் சிங்கை முழுசாக் கழட்டுனியா, இல்ல ப்ளோயர் மட்டும் அடிச்சியா? பேஸ்ட் மாத்துனியா?” கழற்றினேன், மாற்றினேன் என்றதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தார். பிறகு ஐடி கார்டு ஞாபகம் வந்து, அடுத்த மாதம் அதர்ஸ் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது என்று இலக்கு வைத்தார்.

இலக்கை எட்டிவிட்டோம். இப்போது எங்கள் கணக்கில் எறும்பு ஹார்டுவேர். அணிலும் ஆண்டாள் தேரும் நெட்வொர்க். நாய் சாஃப்ட்வேர், ஏனென்றால் சரியான கட்டளை கொடுத்தால் வேலை செய்கிறது. வட்டம் நாலு நிறத்தில் மிக அழகாக வருகிறது. கிளையண்டுகளுக்கு அனுப்பும் பிரசன்டேஷனில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஊரில் ஒன்றும் மாறவில்லை.

இரு ஊர் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. “அப்ப நாளைலருந்து கம்ப்யூட்டர் ஓடாதா தம்பி?” என்று கேட்கிறீர்கள். ஓடும். பாதுகாப்பு அப்டேட் வழக்கம்போல வராது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விஷயமில்லை, மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை டாலி கணக்கை வாரத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். எடுத்த பென் டிரைவை அதே சிபியுவின் மேல் வைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எனக்குப் போன் செய்யும் முன் நாயைக் கட்டிவிடுங்கள்.